சேந்தனூர்க் கோழிகள் காத்திருந்த முட்டை

கருமுட்டை முதிர்வதற்கென்று டாக்டர் எழுதித் தந்த முதல் மாத்திரையைக் கோகிலவாணி வெந்நீரோடு விழுங்கிய அன்று காலையில், சேந்தனூரில் இருந்த அத்தனை கோழிகளும் முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டன. நாமக்கல் வட்டாரத்தின் மற்ற ஊர்களில் முட்டைகள் வழக்கம்போலக் கூண்டுச் சரிவில் உருண்டு வந்துகொண்டுதான் இருந்தன. சேந்தனூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த கோழிகள் மட்டும், தீவனத்தைக் குறைவைக்காமல் தின்று, தண்ணீரைக் குடித்து, கொண்டை சிவக்கக் கொக்கரித்து, கோழிக்குரிய எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்துவிட்டு முட்டை விஷயத்தில் மட்டும் கையை விரித்துவிட்டன.

மனிதர்களைக் காட்டிலும் கோழிகள் பல நூறு மடங்கு அதிகமாக வாழும் ஊர் அது. தார்ச்சாலையின் இரண்டு பக்கமும் நீள நீளமாகக் கொட்டகைகள், கொட்டகைக்குள் வரிசை வரிசையாகக் கூண்டுகள், பொழுது விடிந்தால் அட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்கிற லாரிகள் என்று முட்டையை நம்பியே விடிந்து முட்டையை நம்பியே இருட்டுகிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு முட்டைகூட இல்லையென்றால் சும்மா இருப்பார்களா? முதலில் தீவனக்காரனைத் திட்டினார்கள், பிறகு தண்ணீரைத் திட்டினார்கள், புதிதாக முளைத்த செல்போன் கோபுரத்தை இரண்டு நாள் திட்டிவிட்டுக் கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் கோழிகளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை விரித்துப் பார்த்து, "நோயெல்லாம் ஒண்ணும் இல்லை, என்னைவிட நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். பள்ளிக்கூடச் சத்துணவில் முட்டை போய்க் கொண்டைக்கடலை வந்தது, பேக்கரிக்காரர் முட்டை போடாத கேக்கைப் பெருமையாக விற்கப் பழகிக்கொண்டார், லாரி டிரைவர்கள் நிழலில் பாய் விரித்துச் சீட்டாடினார்கள்.

இதெல்லாம் தன்னால்தான் என்று கோகிலவாணிக்கு அப்போது தெரியாது. அவளுக்கு அவள் கவலையே தலைக்கு மேல் கிடந்தது.

கல்யாணமாகி ஏழெட்டு வருஷம். மாதாமாதம் வரவேண்டியது வருஷத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ நினைத்துக்கொண்டால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஊர் வளைகாப்புகளில் அவள் பந்தியில் பரிமாறலாம், பாத்திரம் எடுத்து வைக்கலாம், வளையல் தட்டைத் தொட மட்டும் யாரும் கூப்பிடமாட்டார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் புழங்கிய சொல் அவளுக்குத் தெரியும், தெரியாதது போலவே பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பாள். கணவன் லோகநாதன் தங்கமான ஆள்தான், ஆனால் பிள்ளைப் பேச்சு வந்தால் கொட்டகைக்குள் போய்க் கூண்டுக் கம்பியை முறுக்கிக்கொண்டு நிற்கிற தங்கம். கடைசியில் அவளே ஒரு நாள் பஸ் ஏறி, டவுனில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஹேமாவதியைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுவாரம் லோகநாதனையும் இழுத்துக்கொண்டு போனாள். அவனுக்கும் பரிசோதனை உண்டு என்று டாக்டர் சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து நர்ஸ் திரும்பி நின்று சிரித்தாள். அவனிடம் குறையொன்றும் இல்லை.

ஸ்கேன் படத்தை டாக்டர் விளக்கினார். கருப்பு வட்டத்தின் ஓரத்தில் மணி கோத்த மாதிரி குட்டிக் குட்டியாக ஏதோ இருந்தன.

"நீர்க்கட்டின்னு சொல்வாங்களே, அதுங்களா டாக்டர்?"

"பேர்தான் அப்படி. கட்டியே இல்லைம்மா. ஒவ்வொண்ணும் ஒரு சின்னப் பை, உள்ளே ஒரு கருமுட்டை. மாசாமாசம் நிறைய பை ஒண்ணா வளரத் தொடங்கும், அதுல ஒண்ணு மட்டும் முந்தி முத்தி வெடிச்சு முட்டையை வெளியே விடும். உங்களுக்கு எல்லாம் தொடங்கிட்டு வாசல்லயே நின்னுருது. முட்டை இல்லாம இல்லை. முத்தலை, அவ்வளவுதான். முத்த வைக்க மாத்திரை இருக்கு, அது போதாட்டி ஊசி இருக்கு. ராத்திரி நல்லாத் தூங்கோணும், தினமும் நடக்கோணும்."

இல்லாமல் இல்லை, முத்தவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இத்தனை வருஷம் தன்னை வெறும் பாத்திரமென்று நினைத்துக் கொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி!

முட்டை நின்றுபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் பாவாயி, சும்மா தின்கிற கோழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒன்றை அடித்தாள். முட்டைக் கோழியை அறுத்தால் வயிற்றுக்குள் இன்னும் இடாத மஞ்சள் கருக்கள் கொத்தாக இருக்கும். கடுகளவில் தொடங்கி, பட்டாணி, கோலிகுண்டு, எலுமிச்சை என்று வரிசையாகப் பெருத்துக்கொண்டே போகும் அந்தக் கொத்துக்குக் குழம்பில் தனி மரியாதை. பாவாயி அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து கொத்தை வெளியே எடுத்தவள் அப்படியே கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். எல்லாம் கடுகளவு, ஒன்றுகூடப் பெருக்கவில்லை, ஓரத்தில் மணி கோத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கோகிலவாணி எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, எனக்குள்ளயும் இப்புடித்தானுங்க இருக்குது. படத்துல பாத்தனுங்க."

சொன்னது மாமியாரிடம்தான். ஆனால் தயிர் வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள், அதன் பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? பொழுது சாய்வதற்குள் ஊரில் வீட்டுக்கு ஒரு கோழி அறுபட்டது. எல்லாக் கோழிக்குள்ளும் அதே கடுகுமணி. மாத்திரை தொடங்கிய தேதியையும் முட்டை நின்ற தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த சேந்தனூர்க்காரர்கள், சரி, அப்படித்தான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். கோகிலவாணிக்கு முதிர்ந்தால் கோழிகளுக்கும் முதிரும். எதற்கு, எப்படி என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் லாரி கிளம்புமா?

மறுநாளே கோழிப்பண்ணையாளர் சங்கத் தலைவர் வையாபுரி, வெள்ளை வேட்டியும் பின்னால் பத்துப் பேருமாக வந்து சேர்ந்தார். அவர்களோடு ஒரு டெம்போ நிறைய டியூப்லைட்டுகளும் வந்திருந்தன.

கோழி வளர்க்கிறவர்களுக்கு அது உள்ளங்கை நெல்லிக்கனி. பகல் நீண்டால்தான் கோழி முட்டையிடும், ஆகவே விடிவதற்கு முன்னாலும் இருட்டிய பின்னாலும் கொட்டகையில் விளக்கெரிய வேண்டும். அந்த ஞானத்தை அப்படியே தூக்கிக் கோகிலவாணியின் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். படுக்கையறையில் நாலு லைட், சமையற்கட்டில் இரண்டு, முற்றத்தில் கம்பம் நட்டு ஒரு வரிசை, கரண்டு போனால் ஓட ஒரு ஜெனரேட்டர். பாவாயி தன் பங்குக்குக் கோழித் தீவனத்தில் சேர்க்கிற கிளிஞ்சல் தூளை மருமகளின் மோரில் கலக்க ஆரம்பித்தாள். அடுத்த தடவை கிளினிக்குக்குக் கூடவே வந்து டாக்டரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

"ஓடு கெட்டியா வரோணும்னு கிளிஞ்சத் தூள் குடுக்கறனுங்க. அளவு பத்துமுங்களா?"

டாக்டர் ஹேமாவதி பேனாவைக் கீழே வைத்தார். "மனுசங்க முட்டைக்கு ஓடே கிடையாதுங்கம்மா. ஊசி முனையளவுதான் இருக்கும்."

"ஓடில்லாமயா? அப்பறம் ஒடஞ்சு போயிராதுங்களா?"

"அதைப் பாத்துக்கத்தான் உங்க மருமக ஒடம்பு இருக்குதே. அந்தத் தூளை மொதல்ல நிறுத்துங்க."

அந்த மாதம் கருமுட்டைப் பை ஒன்று மெல்ல வளரத் தொடங்கி, பாதியில் மனசு மாறிச் சுருங்கிவிட்டது. ஊர்க் கோழிகளுக்குள்ளும் ஒரே ஒரு கரு பட்டாணியாகி மறுபடி கடுகானது. கண்ணாடிக் கடை மாதிரி வெளிச்சமாக இருந்த வீட்டில் கோகிலவாணி தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. கண்ணை மூடினாலும் இமைக்குள் வெள்ளையாக எரிந்தது. ஒரு சாயங்காலம், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வந்த சங்கத்துக்காரர்களும் வையாபுரியும் முற்றத்தில் நிற்கும்போதே, அவள் நேராகப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள்.

"தலைவரே, கோழிக்கு வெளிச்சம் வெச்சா முட்டை வருமுங்க. எனக்குத் தூக்கந்தான் போகுது. டாக்டரம்மா தூங்கச் சொல்லியிருக்காங்க, நடக்கச் சொல்லியிருக்காங்க. இதையெல்லாம் கழட்டிட்டுப் போங்க."

வையாபுரியிடம் அந்த ஊரில் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் கம்பத்தைக் கழற்றச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டிவிட்டு, "செரி அம்முணி" என்றார்.

நடப்பதென்று முடிவான பிறகு ஊர் அதையும் விட்டுவைக்குமா? காலையில் கோகிலவாணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் பக்கத்து வீட்டுக்காரி சேர்ந்துகொண்டாள், அவளோடு இன்னும் இரண்டு பேர், ஒரு வாரத்தில் தெருவே சேர்ந்துகொண்டது, கொட்டகைகளுக்கு நடுவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். நடக்கும்போது வாய் சும்மா இருக்காதல்லவா? ஒருத்தி, எனக்கும் அப்படித்தான் அக்கா, மூணு மாசமாச்சு வந்து என்றாள். இன்னொருத்தி, என் மகளுக்கு மீசை முளைக்கிறது, அதுவும் இதுதானாம் என்றாள். வையாபுரியின் மருமகள் ஒருநாள் எல்லோருக்கும் பின்னால் மெதுவாக நடந்து வந்து, யாரிடமும் சொல்லாததைக் கோகிலவாணியின் காதில் சொல்லி அழுதாள். கோகிலவாணி நடுரோட்டிலேயே அவளைக் கட்டிக்கொண்டு, "இல்லாம இல்ல கண்ணு, முத்தல, அவ்வளவுதான்" என்றாள்.

டீக்கடையிலும் பேச்சு மாறிப்போனது. முன்பெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து மழையையும் மக்காச்சோளத்தையும் பேசியவர்கள் இப்போது வடையைக் கடித்துக்கொண்டு, கருமுட்டைப் பை எவ்வளவு வளர்ந்தால் வெடிக்கும், வெடிக்க வைக்கிற ஊசியை எப்போது போடுவது, கர்ப்பப்பையின் உள்சுவர் எவ்வளவு தடித்தால் நல்லது என்று சத்தமாகவே வாதாடினார்கள். மருந்துக்கடைக்காரர் அந்த மாதிரிச் சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பதை விட்டுவிட்டார். லோகநாதன் கடைக்குள் நுழைந்தால் லாரி டிரைவர்கள் எழுந்து இடம் கொடுத்து, "உங்க பரிசோதனை எப்புடீங்க இருந்துச்சு, கூச்சமாங்க?" என்று விசாரித்துவிட்டு ஒவ்வொருவராகத் தாங்களும் போய்வரத் தொடங்கினார்கள்.

அடுத்த மாதம் டாக்டர் ஊசிக்கு மாற்றினார். ஊசி தன் வேலையைக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டிவிட்டது. ஸ்கேன் திரையில் தெரிந்ததை டாக்டர் ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

"ஏழெட்டுப் பை ஒண்ணா பெருத்திருக்கும்மா. இந்த மாசம் வெடிக்க வைக்கிற ஊசி நான் போடமாட்டேன். போட்டா வயித்துல நீர் கோத்துக்கும், உங்க உசிருக்கே ஆபத்து. கரு தங்கினாலும் மூணு, நாலுன்னு தங்கி எதுவும் பொழைக்காமப் போகலாம். விட்டுடுவோம். அடுத்த தடவை அளவைக் குறைச்சுப் பார்ப்போம். ரெண்டு பேரும் இந்த மாசம் சேராம இருங்க."

ஒன்றுகூட இல்லாமல் இருந்தவளுக்கு இப்போது மடி நிறைய. அதை வேண்டாமென்று விட வேண்டும். கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து கோகிலவாணி வாய்விட்டு அழுதாள். நாலில் ஒன்று பிழைக்காதா என்று அவள் மனசே அவளிடம் கெஞ்சியது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வாசலில் சங்கம் முழுக்க நின்றது. ஊரில் கோழிகளுக்குள் கருக்கள் எலுமிச்சையாகத் திரண்டு நெருக்கிக்கொண்டிருந்தன, ஒரே ஒரு ஊசியில் ஊரே வெள்ளையாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இந்த டாக்டரு போடாட்டி என்னம்மா, சேலத்துல எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரு இருக்காரு, கேக்காமப் போட்டுருவாரு" என்றார் வையாபுரி. "கார் ரெடியா நிக்குது. ஊரே உம் மொகத்தப் பாத்துட்டு நிக்குது அம்முணி."

கோகிலவாணி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்க் குடம் மாதிரி விண்ணென்றிருந்தது.

"எனக்கும் ஆசைதானுங்க. உங்க எல்லாத்தையும் விட எனக்குத்தான் ஆசை. ஆனா எனக்கு ஒரு முட்டை போதும், நானும் இருக்கோணும். இந்த மாசம் வேண்டாமுங்க."

"ஒருத்திக்காக இத்தனை பண்ணையும்..." என்று கூட்டத்தில் யாரோ தொடங்கியபோது, மருமகளோடு வந்து அதுவரை மூலையில் நின்றிருந்த பாவாயி முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்கூட்டுப் புள்ளைய என்ன கோழின்னு நெனச்சீங்களா? இடாட்டி அறுத்துப் போடறதுக்கு? அவ வேண்டாங்கறா. காரை எடுத்துட்டுக் கெளம்புங்க எல்லாரும்."

கிளிஞ்சல் தூள் கலக்கிய கை அது. கோகிலவாணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள், வீடு வரும் வரை இரண்டு பேரும் விடவில்லை.

ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோழிகளுக்குள் கருக்கள் கரைந்தன, லாரிகளின் சக்கரத்தடியில் புல் முளைத்தது, மளிகைக் கடையில் அவளுக்குப் பொட்டலம் கட்டும்போது மட்டும் யாரும் பேசமாட்டார்கள். காலையில் அவள் தனியாக நடந்தாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வையாபுரியின் மருமகள் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். "எம் மாமனாரு கெடக்கறாருங்க அக்கா, நீங்க நடங்க" என்றாள். அன்றிலிருந்து மறுபடி ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்துகொண்டார்கள். வையாபுரியே ஒரு நாள் வந்து வேலிக்கு வெளியே நின்றபடி, எப்போது முடிகிறதோ அப்போது முடியட்டும், கோழிகள் காத்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் வாயிலிருந்து அதற்கு மேல் மன்னிப்பு வராது.

மூன்றாவது தடவை டாக்டர் அளவைக் குறைத்தார். ஒன்றே ஒன்று வளர்ந்தது. மற்றதெல்லாம் கடுகாகவே நிற்க, அந்த ஒன்று மட்டும் ஸ்கேனுக்கு ஸ்கேன் பெருத்து, வட்டமாக, கருப்பாக, திமிராகத் திரையில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், லோகநாதன் அந்த அறையிலேயே, எல்லார் முன்னாலும், மனைவியின் நெற்றியில் கை வைத்தான். ஊசி போடப்பட்டது. இன்றும் நாளையும் இரண்டு பேரும் ஒன்றாக இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அந்தச் செய்தி அவர்களுக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. சேந்தனூரின் வரலாற்றிலேயே அந்த இரண்டு நாள் இருந்த மரியாதை எப்போதும் இருந்ததில்லை. அவர்கள் தெருவில் ஹாரன் அடிக்கக்கூடாதென்று சங்கம் முடிவு செய்தது. கோயில் ஸ்பீக்கர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பிள்ளைகள் கிரிக்கெட்டை அடுத்த தெருவுக்கு மாற்றிக்கொண்டார்கள். பாவாயி தானாகவே ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, "நான் எந்தம்பி ஊட்டுல இருக்கறன்" என்று கிளம்பிப் போனாள். ஊரே தங்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கோகிலவாணியும் லோகநாதனும் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது.

விடிந்து வெயில் கொட்டகைக் கூரையைத் தொட்ட நேரத்தில் கோகிலவாணிக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் சுருக்கென்று ஒன்று கிள்ளியது. சின்னக் கிள்ளல்தான். அவள் சமையற்கட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள், அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதே கணத்தில் ஊரின் அத்தனை கொட்டகைகளிலும் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. பிறகு முட்டைகள் வந்தன. கூண்டுச் சரிவுகளில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, தடுப்பைத் தாண்டித் தரையில் விழுந்து உருண்டு, இத்தனை மாதம் வராததெல்லாம் சேர்ந்து, கொட்டகை வாசல் வழியாக ரோட்டுக்கே வந்துவிட்டன, வெள்ளை வெளேரென்று, சூடு ஆறாமல். தட்டுகள் பற்றவில்லை. கூடையில் அள்ளினார்கள், முந்தானையில் அள்ளினார்கள், ஹெல்மெட்டில் அள்ளினார்கள், வையாபுரி தன் வெள்ளைத் துண்டை விரித்து அள்ளிக்கொண்டே குழந்தை மாதிரி அழுதார். இத்தனை கொண்டாட்டமும் சத்தமே இல்லாமல் நடந்தது. கத்த வேண்டுமென்று நெஞ்சு முட்ட, கோகிலவாணி வீட்டுக் கதவு இன்னும் சாத்தியிருந்ததால், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள்.

அன்றிலிருந்து கோழிகள் கோழிகளாயின. நாளுக்கு ஒன்று என்று ஒழுங்காக இட்டன, கோகிலவாணியோடு அவற்றுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாமல் போனது. அவள் வயிற்றுக்குள் அதன் பிறகு என்ன நடக்கிறது என்று எந்தக் கோழியை அறுத்தும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊருக்கு அது பெரிய தவிப்பாக இருந்தது. அவள் வாந்தி எடுத்தாளா, மாங்காய் கேட்டாளா என்று பாவாயியைக் குடைந்தார்கள், பாவாயி வாயைத் திறக்கவில்லை.

கரு தங்கியதா என்று பார்க்க டாக்டர் காத்திருக்கச் சொன்ன நாட்கள் முடிந்த காலையில் கோகிலவாணி குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பரிசோதனை அட்டையைக் கையில் வைத்து உட்கார்ந்தாள். முதல் கோடு வந்தது. கொஞ்சம் பொறுத்து, அதற்குப் பக்கத்தில், கூச்சப்படுகிற மாதிரி இளஞ்சிவப்பாக இன்னொரு கோடு எழுந்து, பார்க்கப் பார்க்க அழுத்தமாகியது. அவள் அழவில்லை, கத்தவில்லை. இத்தனை மாதங்களில் அவளுக்குள் நடந்த ஒவ்வொன்றையும் ஊர் அவளுக்கு முன்னால் அறிந்திருந்தது. இந்த ஒன்றை இந்த உலகத்தில் அவள் ஒருத்தி மட்டும்தான் அறிவாள். கணவனுக்கும் இன்னும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்தச் சந்தோஷத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அவள் ஆசைதீர உட்கார்ந்திருந்தாள்.

பிறகு முகம் கழுவி, பொட்டு வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் நடைக்குத் தயாராகப் பெண்கள் நின்றிருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால், தற்செயலாக வந்தது போல, பாதி ஊரும் நின்றிருந்தது.

"என்னங்க அம்முணி ஆச்சு?" என்று எல்லோருக்குமாக வையாபுரி கேட்டார்.

"என்ற வீட்டுக்காரருகிட்ட மொதல்ல சொல்றனுங்க" என்றாள் கோகிலவாணி. "பொறவு உங்களுக்கு."

கொட்டகையில் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த லோகநாதனை நோக்கி அவள் அவசரமில்லாமல் நடந்தாள். ஊர் ஒதுங்கி வழிவிட்டது.